உன்னோடு அற்றுப்போன வழக்கு

நேற்று வெங்காயம் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டேன். மருந்துக்கடையில் வாங்கிவந்த கட்டுத்துணியைப் பிரித்ததும் அந்த வாடை வந்துவிட்டது. சலவை மருந்தும் நீராவியும் கலந்த நம் மில் வாடை. ரத்தம் சொட்டச் சொட்ட அதை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். ஏட்டி, செத்தும் நீ என்னை விட்டபாடில்லை.

ராஜபாளையத்துக்கு வெளியே அந்த மில்லில் நீயும் நானும் ஒரே மேஜையில் கட்டுத்துணி மடித்தவர்கள். நான் கோணலாக மடித்தால் பிடுங்கித் திரும்ப மடிப்பாய், கூடவே இரண்டு திட்டும் கிடைக்கும். சூப்பர்வைசர் உன்னை ஸ்டோர் ரூமுக்கு வரச்சொல்லிக் கதவைத் தாழிட்ட அன்று நீ அழுதுகொண்டு வரவில்லை. மேஜைக்கு வந்து நின்று, உனக்கும் இது நடந்திருக்கிறதா என்று என்னைக் கேட்டாய். எனக்குப் பல வருஷம் முன்பே, அதே ஆளால், நடந்திருந்தது. கல்யாணம் ஆகவேண்டிய பிள்ளை என்று அப்பா என் வாயை அடைத்துவிட்டார். நான் தலையை ஆட்டினேன், நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

உங்கள் ஊர்ப் பெரியவர்கள் உன்னைப் போலீசுக்குப் போகவிடவில்லை. கோயிலில் வைத்துப் பேசினார்கள். உண்மை சொல்கிறவர் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும், அது அங்கே வழக்கம். நீ அணைத்தாய். அவனோ அன்று காலையில்தான் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டு வந்து நின்றான். மாலை போட்டவரைச் சத்தியம் பண்ணச் சொல்லக்கூடாதாம். என்ன பக்தி! கோயிலுக்கு ஒரு விளக்கு வாங்கிக் கொடுக்கும்படி அவனிடம் சொல்லிவிட்டு, சாமி முன்னால் முடிந்ததை யாரும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று எழுந்துவிட்டார்கள். நீ வாய் திறக்கவில்லை, அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். வெந்த கையோடு நிற்கிறவள் என்ன பேசுவாள்? சூடத்தை அணைத்தால் நம்பிவிடுவார்கள் என்று நினைத்தாய். நம்பத்தான் செய்தார்கள். நம்பிக்கொண்டேதான் அவனை விட்டார்கள்.

அதையும் மீறி நீ ஸ்டேஷனுக்குப் போனாய். கேஸ் கோர்ட்டுக்கு வந்தபோது, அன்று மில்லில் உன்னைப் பார்த்தவர்கள் ஒவ்வொருத்தராகக் கூண்டில் ஏறி, ஒன்றும் தெரியாது என்றார்கள். என்னைச் சாட்சியாகவே போடவில்லை. சந்தேகத்தின் பலனை அவனுக்குக் கொடுத்து விடுதலை செய்தார்கள். உன்னோடு டீ குடித்தவர்கள் மறுநாள் வேறு பெஞ்சு பார்த்து உட்கார்ந்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாம் போய்ப் பார்த்த வக்கீலம்மாதான் இன்னொரு வழி சொன்னார். சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். அவன்மேல் மட்டுமில்லை, உன் புகாரைக் கிடப்பில் போட்ட மில் முதலாளிமேலும் போடலாம். அவன் உன் பக்கமே வரக்கூடாது என்று தடையும் கேட்கலாம். அங்கே துளிச் சந்தேகமும் இல்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, யார் சொல்வது கூடுதலாக நம்பும்படி இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள் என்றார். நானும் போடலாமா என்று கேட்டேன். எனக்குக் காலக்கெடு எப்போதோ தாண்டிவிட்டதாம். நான் உம்மென்று வந்ததைப் பார்த்து, திரும்பும் பஸ்ஸில் நீ சொன்னாய்:

“ஒனக்குக் கேஸ் போடத்தான் காலம் போயிருச்சு. எனக்குச் சாட்சி சொல்லலாம்லா? அவன் ரூவா எனக்கு வேண்டாம்ட்டி. இவன் செஞ்சான்னு ஜட்ஜு கையால எழுதணும். அம்புட்டுதான்.”

அப்படி நீ போட்ட வழக்கில், குறுக்கு விசாரணையின்போது அவனுடைய வக்கீல், சாமி முன்னால் முடித்ததை ஏன் கிளறுகிறாய் என்று கேட்டார். சூடத்தை நான் அணைச்சேன், அவரு அணைச்சாரான்னு கேளுங்க என்று நீ சொன்னாய். அன்றைக்கு உன்னைப் பார்க்க எனக்கு எம்புட்டுப் பெருமையாக இருந்தது தெரியுமா? அடுத்த வாய்தாவில் நான் சாட்சி சொல்லவேண்டும்.

அதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. மதுரைக்குக் கொண்டுபோயும் நீ பிழைக்கவில்லை. சாமி குத்தம் என்றார்கள் உங்கள் ஊரில். நாசமாய்ப் போகிறவர்கள், உன்னைத் தூக்கிப்போகக்கூட ஆள் சரியாக வரவில்லை.

வாய்தா அன்று உன் அம்மாவோடு போனேன். கோர்ட் ஆள் வாசலுக்கு வந்து உன் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார். நீ செத்தது அவருக்கு எப்படித் தெரியும்? உன் அம்மா பழக்கத்தில் எழுந்து நின்றாள். நீ இறந்துபோனதை அவன் வக்கீல் ஏற்கெனவே எழுதிக்கொண்டு வந்திருந்தார், அதைக் கொடுத்து வழக்கை முடிக்கச் சொன்னார். முடித்துவிட்டார்கள். வெளியே வேப்பமரத்தடியில் வைத்து வக்கீலம்மா எங்களுக்கு விளங்கச் சொன்னார்.

“ஒடம்புக்குச் செஞ்ச கெடுதலுக்குப் போட்ட வழக்கும்மா இது. அந்த ஒடம்போடயே அத்துப்போயிரும். நெலத்து வழக்குன்னா வாரிசுக்கு வரும்.”

“அப்ப வயக்காட்டுக்கு இருக்க மதிப்பு எம்புள்ளைக்கு இல்லியா?” என்றாள் உன் அம்மா. வக்கீலம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் அவன் மில்லில் பால்கோவா கொடுத்தான். கோயில் பிரசாதம் மாதிரி தட்டில் வைத்து, ஷிப்டு மாறும் நேரத்தில் கேட்டருகே நின்று, வருகிற ஒவ்வொருத்திக்கும் கொடுத்தான். பெண்கள் வாங்கிக்கொண்டார்கள்டி. உன் மேஜையில் நின்றவர்களும் வாங்கினார்கள். என்னிடமும் நீட்டினான். எனக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ. உனக்கு என்ன செய்தான், எனக்கு என்ன செய்தான், எந்த அறையில் என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னேன். சிலர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். ஒருத்தி வாங்கியதைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்றோடு எனக்கு வேலை போயிற்று. ஊர் சிரிக்கும்படி பண்ணிவிட்டாய் என்று என் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பொறவு போன மாதம், என்மேல் அவன் மானநஷ்ட வழக்குப் போட்டிருப்பதாகச் சம்மன் வந்தது. அதே ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில்தான். அதை எடுத்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் ஓடினேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

“காலக்கெடு நீங்க கேஸ் போடுறதுக்குத்தாம்மா. இப்ப போட்டது அவன். மில்லுல சொன்னது உண்மைன்னு நீங்க கூண்டுல நின்னு சொல்லலாம். எத்தன வருசம் ஆனாலும் சொல்லலாம்.”

பயமாகத்தான் இருக்கிறது. தோற்றால் வீட்டிலும் இடம் இருக்காது. நீ பக்கத்தில் இல்லாததுதான் எல்லாவற்றையும் விடக் கொடுமை. ஆனால் உனக்காகச் சொல்லவேண்டியிருந்த சாட்சி அப்படியே என்னிடம் இருக்கிறது. தினமும் அடுப்பு முன்னால் நின்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். என்னால் அவன் மானம் போய்விட்டதாம். எப்படிப் போயிற்று என்று கோர்ட்டில் என்னைக் கேட்பார்கள். சொல்லப்போகிறேன்ட்டி.