கட்சி மாறச் சொல்லும் மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசுக்குத்தான் இந்த வாரம் கொஞ்சம் சரியில்லை, ஏன் என்று உனக்கே தெரியும். நீயும் மருமகளும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். குட்டிக்கு இருமல் நின்றதா என்று ஞாயிற்றுக்கிழமை கேட்க நினைத்தேன், அதற்குள் நம் பேச்சு சண்டையாகி, உனக்கு வேறு யாரோ அழைத்து, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ அதற்கு மூன்று தீர்வு சொல்லிவிடுகிறாய், அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன், இதில் நீ குறுக்கே பேச முடியாது.

என் லேப்டாப் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் அதை உயிர் என்று சொல்வதற்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது. மூடியின் கீல் உடைந்து தொங்கியதை உன் அப்பா தான் ரிப்பேர் பார்க்கும் லிஃப்டுக்குப் போடும் ஏதோ ஒரு தகட்டை வைத்து இறுக்கிக் கொடுத்திருக்கிறார். பேட்டரி போய்விட்டது, சார்ஜர் ஒயர் ஒரு விரற்கடை அசைந்தால் அப்படியே அணைந்துவிடும். திரையில் இருப்பதை எனக்கு வாசித்துச் சொல்லும் குரல் இருக்கிறதே, அதற்கு விக்கல் வந்துவிட்டது, ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு திக்கிக்கொண்டே நிற்கிறது. ஆக, புதிது வாங்கியே ஆக வேண்டும் என்பதில் உனக்கும் எனக்கும் சண்டை இல்லை. எதை வாங்குவது என்பதில்தான், நான் பழகிய வகையையேவா, கீக்களும் உள்ளே ஓடுவதும் எல்லாம் வேறாக இருக்கும் நீ சொல்லும் வகையையா என்று. நீ அந்த வகைக்கு மாறினாய், மருமகள் மாறினாள், போன வருஷம் சித்தியும் மாறிவிட்டாள், வீட்டில் எல்லாரும் கட்சி மாறிய பிறகு நான் ஒருத்தி மட்டும் பழைய கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேனாம், அதையும் நீதான் சிரித்துக்கொண்டே சொன்னாய்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும், ஆனால் தெரிந்ததை மறந்துவிட்டுப் பேசுகிறாய் என்பதால் மறுபடி சொல்கிறேன். ஸ்கேன் பார்க்கும் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு நான் ரிப்போர்ட்டாக டைப் செய்கிறேன். ஒரு காதில் டாக்டர், இன்னொரு காதில் என் லேப்டாப் குரல். டாக்டரை நிறுத்தவும் பின்னால் ஓட்டவும் காலடியில் ஒரு பெடல். இரண்டு கைக்கும் கீபோர்டு. லேப்டாப் குரலை நான் வைத்திருக்கும் வேகத்துக்கு உன் அப்பா தகரத்தில் மழை பெய்வது போல இருக்கிறது என்பார், அவருக்கு ஒரு சொல்கூடப் புரியாது, எனக்கு ஒரு எழுத்துகூடத் தவறாது. எந்தக் கீயோடு எந்தக் கீயை அழுத்தினால் எங்கே போவேன் என்று என்னைக் கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது, விரலைத்தான் கேட்க வேண்டும். கண் போன பிறகு எனக்கு இருக்கும் வீடு இந்தக் கீபோர்டுதான். நீ அதில் இருக்கும் மேஜை நாற்காலியை எல்லாம் இடம் மாற்றிப் போட்டுவிட்டு, இப்போது வீடு எவ்வளவு அழகாக இருக்கிறது பார் என்கிறாய்.

முயற்சியே செய்யாமல் வேண்டாம் என்கிறேன் என்று நீ சொன்னது எனக்கு ரொம்பவே வலித்தது. சித்தி போன மாதம் தன்னுடைய லேப்டாப்பைக் கொண்டுவந்து, எனக்கு இப்போது தேவையில்லை அக்கா, சும்மா ஓட்டிப் பார் என்று வைத்துவிட்டுப் போனாள். நானும் மனசார உட்கார்ந்தேன். நல்லதை நல்லது என்று சொல்ல எனக்கு ஒன்றும் கூச்சமில்லை, அதன் குரல் அருமையாக இருக்கிறது, நன்றாகத் தூங்கி எழுந்த ஆள் பேசுவது போல. சூடாவதில்லை, விக்குவதில்லை, யாருடைய கண்ணின் உதவியும் இல்லாமல் நானே அதைப் பேச வைத்துவிட்டேன். இதே வேலை செய்யும் என் போன் சிநேகிதி, அவளுக்கும் பார்வை கிடையாது, அந்த வகையில்தான் வருஷக்கணக்காக ஓட்டுகிறாள், அதைப் பற்றி ஒரு குறை சொல்ல விடமாட்டாள். ஆனால் அவள் தொடங்கியதே அதில். எனக்கோ முதல் நாள் காலை முழுக்க ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு நான் இப்போது எங்கே இருக்கிறேன் என்று தேடியதே வேலையாகப் போய்விட்டது. கட்டைவிரல் ஒன்றைத் தேடிப் போகிறது, அங்கே வேறொன்று உட்கார்ந்திருக்கிறது. பெடலுக்கும் அதற்கும் ஒத்துவரவே இல்லை, உன் அப்பா வேலையிலிருந்து வந்து ஒயரை மாற்றி மாற்றிக் குத்திப் பார்த்துவிட்டு, மனுஷன் லிஃப்டோடு பேசிவிடலாம் இதோடு முடியாது என்று எழுந்துவிட்டார். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் பழைய லேப்டாப் ஒரு தடவை அணைந்துவிட்டது, இந்தப் பத்தியை இரண்டாவது முறையாக எழுதுகிறேன், முதல் தடவை கோபம் இன்னும் நன்றாக வந்திருந்தது.

அப்படியும் விடவில்லை. தினமும் உட்கார்ந்தேன், கொஞ்சம் கொஞ்சமாக வேகம் வந்த மாதிரிகூட இருந்தது, அந்தத் தைரியத்தில்தான் ஒரு தப்பு நடந்தது. நான் முணுமுணுப்பு டாக்டர் என்பேனே, சட்டைக் காலரோடு பேசுவது போலவே பேசுவார், அவருடைய ரிப்போர்ட் ஒன்று. ஒரு சிறுநீரகத்தில் கட்டி. முதலில் வலது என்று அடித்துவிட்டேன், பின்னால் ஓட்டிக் கேட்டால் இடது. திருத்துவதற்கு என் விரல் பழைய வழியில் போய்ப் பழைய கீயையே அழுத்தியது, அந்த லேப்டாப்பில் அது வேறு ஏதோ ஒரு வரிக்குக் கொண்டுபோய்விட்டது போல. குரல் ஏதோ சொன்னது, திருத்திவிட்டேன் என்று நினைத்து அனுப்பிவிட்டேன். கையெழுத்துப் போடும் முன் அவர் ஒரு தடவை வாசித்ததால் தப்பித்தது. அவரே எனக்குப் போன் செய்தார். கத்தவில்லை. "நான் இடதுன்னுதானே சொன்னேன்? நீங்க இப்படி விட மாட்டீங்களே, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. ஒரு ஆளின் வயிற்றைக் கிழிக்கப் போகிறவர் படிக்கும் காகிதம் அது, நான் வலது என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

சித்தியைக் கூப்பிட்டு அன்றைக்கே உன் பொருளை எடுத்துக்கொண்டு போ என்றேன். அவள் வந்தாள், என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தாங்கவில்லை, உளறிவிட்டாள். "அவன்தான் கொடுக்கச் சொன்னான்க்கா. நீயா மாறின மாதிரி இருக்கட்டும்னான்" என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார். குழந்தைக்கு மருந்தைப் பாலில் கலந்து கொடுப்பது போல எனக்குக் கொடுத்திருக்கிறாய். கண் தெரியாதவளிடம் முகத்துக்கு முன்னால் ஒன்றும் முதுகுக்குப் பின்னால் ஒன்றும் நடத்துவது ரொம்பச் சுலபம், அதனாலேயே அதைச் செய்யக் கூடாது. சித்தியிடம் எனக்குக் கோபம் இல்லை, அவள் நீ எது சொன்னாலும் செய்வாள்.

இதைக் கேட்கத்தான் ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூப்பிட்டேன். நீ மன்னிப்பும் கேட்டாய், அதே மூச்சில், இரண்டு மாதம் போனால் பழகிவிடும் என்றும் சொன்னாய். அந்தச் சொல்லில்தான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. எனக்குப் பார்வை போனபோது கண் டாக்டர் சொன்னதும் அதுதான், பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனதும் அதுதான். பழகத்தான் செய்தது, இல்லை என்று சொல்லவில்லை. நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய், அம்மா குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டது மட்டும் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ பள்ளிக்குப் போன பிறகு இந்த மேஜையில் உட்கார்ந்து ஒரு எழுத்தைத் தேடி அழுததெல்லாம் உனக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் இருந்தேன். கண் தெரியாமல் வாழ ஒரு தடவை படித்து முடித்துவிட்டேன் கண்ணா, அதே வகுப்பில் மறுபடி கொண்டுபோய் உட்கார வைக்காதே என்றேன். உடனே நீ, "நான் சொல்ற லேப்டாப்னா நான் இங்கேயிருந்தே நெட் வழியா உள்ளே வந்து சரி பண்ணிக் கொடுப்பேன். இங்கேயிருந்து உனக்கு வேற என்னம்மா செய்ய முடியும் என்னால?" என்றாய். அதற்கு நான் பதில் சொல்வதற்குள் அந்த இன்னொரு அழைப்பு வந்துவிட்டது.

நேற்று நானும் அப்பாவும் கடைக்குப் போனோம். அங்கேயும் நிம்மதி இல்லை. கடைக்காரர் எடுத்த எடுப்பில் திரையின் பளபளப்பைப் பற்றி ஆரம்பித்தார், நிறம் எத்தனை என்றார், பிறகு உன் அப்பாவைப் பார்த்து, அவங்களுக்கு எப்படி வேண்டும் சார் என்று கேட்டார். உன் அப்பா வெளியில் அதிகம் பேசாத ஆள், உனக்குத் தெரியும். "வேலை செய்யப்போறது அவங்க. அவங்ககிட்டயே கேளுங்க" என்றார். அதன் பிறகு அந்தக் கடைக்காரரும் நல்லபடியாக ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தார். அங்கேதான் எனக்கு அடுத்த எரிச்சல். கட்சி மாறக் கூடாது என்று நான் இவ்வளவு சண்டை போட்டால், என் கட்சியே என்னை விட்டுவிட்டு எங்கேயோ போயிருக்கிறது. எல்லாம் அப்பளம் மாதிரி மெல்லிசு, பக்கத்தில் எண்கள் இருக்கும் கீக்கள் கிடையாது, ஹெட்போன் செருகும் ஓட்டை கிடையாது, பெடல் ஒயருக்கு இடம் கிடையாது. கடைசியில் உள்ளேயிருந்து ஒன்றைக் கொண்டுவந்தார், இதை இப்போது யாரும் கேட்பதில்லை, கனமாக இருக்கும் என்று வருத்தப்பட்டுக்கொண்டே. மடியில் வைத்தால் தொடை வலிக்கும் போலத்தான் இருந்தது. ஆனால் விரலை வைத்தவுடன் ஒவ்வொன்றும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கையோடு கொண்டுபோயிருந்த பெடலைச் செருகினேன், வேலை செய்தது. அதையே வாங்கிவிட்டேன். திங்கட்கிழமை எனக்கு வேலை அனுப்பும் ஆபீஸில் கொடுத்து அவர்கள் மென்பொருளைப் போட்டுக்கொண்டு வருவோம், அதுவரை இந்த விக்கல்காரியோடுதான் குடித்தனம். இதிலும் கொஞ்சம் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது, அது என் தலையெழுத்து, அதைப் பற்றி உன்னிடம் புலம்ப மாட்டேன். இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவளாக இருந்தால் ஒருவேளை உன் பேச்சைக் கேட்டிருப்பேன், அதையும் மறைக்கவில்லை.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். அங்கேயிருந்து என்ன செய்ய முடியும் என்றாய். முதலாவது, என் லேப்டாப்புக்குள் வருவதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்காதே. என்னிடம் இருக்கும் வாசிக்கும் குரலை உன் ஆபீஸ் லேப்டாப் ஒன்றில் போடு, திரையை அணைத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதோடு உட்கார். அடுத்த தடவை என்னுடையது முரண்டு பிடித்தால் எந்தக் கீயை அழுத்துவது என்று போனிலேயே சொல்லிவிடலாம், நான் சரி செய்துகொள்வேன். அது எனக்குப் பெரிய உதவி. இரண்டாவது இதைவிடப் பெரியது, இதைப் போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய். எனக்கு வந்தது கண் அழுத்த நோய், வலிக்காது, அறிவிக்காது, ஓரத்திலிருந்து திருடிக்கொண்டே வரும், தெரியும்போது பாதி போயிருக்கும். பிள்ளைகளுக்கும் வரலாம், நாற்பதுக்கு முன்னாலேயே பார்த்துவிடச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னதை உனக்கு எத்தனை தடவை சொல்லிவிட்டேன். பார்க்கிறேன் பார்க்கிறேன் என்கிறாய். என் லேப்டாப்புக்காக நீ செலவு செய்த நேரத்தில் பாதி நேரம் போதும், ஒரு டாக்டரிடம் போய்க் கண் அழுத்தத்தை அளந்து பார்த்துவிட்டு வந்திருக்கலாம். மருமகளுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன், உன் முதுகுக்குப் பின்னால் இல்லை, இதோ சொல்லிவிட்டேன்.

கடிதத்தை அனுப்புவதற்கு முன் உன் அப்பா ஒரு தடவை படித்துப் பார்த்தார். இவ்வளவு கோபமாக அனுப்ப வேண்டுமா என்று கேட்டார், பிறகு கண் விஷயத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் அழுத்தி எழுது என்றார். நீ நீண்ட ஆயுசோடும் நிறைந்த பார்வையோடும் இருக்க வேண்டும், குட்டி உன் முகத்தையும் நீ குட்டியின் முகத்தையும் கடைசி வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் அதுதான். டாக்டரிடம் எந்தத் தேதிக்குப் பதிவு செய்தாய் என்று மட்டும் பதில் எழுது, வேறு எதுவும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத,
அம்மா