சிவப்பில் ‘பொய்’ என்று எழுதிய பக்கம்

பெப்ரவரி 9, 2025

கண்டியில் காலையிலிருந்து மழை. நாங்கள் மூவர் சம்பளமில்லாமல் நடத்தும் ‘ஊர்ப்பேச்சு’ இணையத்தளத்தில் இன்று வந்தவை: தெல்தெனிய பஸ் நேரம், நீர்வெட்டு, காணாமல்போன ஒரு நாய்.

வதந்தி வந்தால் நாங்கள் அழிப்பதில்லை. இருவர் நேரில் போய்ப் பார்த்து, மேலே சிவப்பில் ‘பொய்’ என்று எழுதி, பார்த்தவர்களின் பெயரோடு அப்படியே வைப்போம். மறுபடி கிளம்பினால் எடுத்துக் காட்டலாம்.

பெப்ரவரி 16

பிரேமிளா வந்தாள். எங்கள் மூவரில் ஒருத்தி, அரச பாடசாலையில் கணித ஆசிரியை; தளம் அவள் பெயரில்தான் பதிவு. முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருக்கிறாராம்: பொய்ச் செய்திகளை வைத்திருக்கிறீர்கள், இணையத்தில் பொய் பரப்புவோரைப் பிடிக்கும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் கீழ் முறையிடுவேன் என்று.

“பொய்னு எழுதித்தானே வச்சிருக்கோம்,” என்றேன்.

“அத யார்கிட்ட போய் விளக்குறது அண்ணே? வீட்டுக்குப் பொலிஸ் வந்தா ஸ்கூல்ல நான் என்ன சொல்லுவேன்?”

சட்டத்தரணியைக் கேட்டோம். “வழக்கு நிற்காமல் போகலாம். ஆனால் அலைய வேண்டிவரும்,” என்றார்.

பெப்ரவரி 20

அந்தப் பக்கங்களில் அஸ்ஃபரின் பக்கமும் இருக்கிறது. எங்களில் மூன்றாமவர், திகனயில் தேநீர்க்கடை. 2018 மார்ச் கலவரத்தில் எரிக்கப்பட்ட முஸ்லிம் கடைகளில் அவருடையதும் ஒன்று. திரும்பக் கட்டியதும், கூரைத் தண்ணீர்த் தாங்கியில் அவர் பிள்ளை பிறக்காமல் செய்யும் மருந்து கலப்பதாக ஒரு படம் சுற்றியது. நானும் பிரேமிளாவும் ஏணியில் ஏறி மூடியைத் திறந்து பார்த்தோம். வெறும் தண்ணீர். அன்றே எழுதினோம்: பொய்.

பெப்ரவரி 23

அழித்துவிட்டோம், எல்லாவற்றையும். அதற்குமுன் அஸ்ஃபரிடம் போனில் சொன்னேன்.

“டீச்சர்ட வேலக்கி ஒண்டும் வரப்படாது சேர். அழிங்க,” என்றார். பிறகு, “என்டதயுமா?”

மார்ச் 4

கண்ணை மூடினால் அந்தச் சிவப்பு எழுத்து. எழுத்து மட்டும். கீழே ஒன்றுமில்லை.

ஏப்ரல் 27

அதே படம் மறுபடி சுற்றுகிறது. அதே தாங்கி, அதே வாசகம். யார் எடுத்து வைத்திருந்தார்கள்? நாங்கள் வைத்திருக்கவில்லையே.

அஸ்ஃபர் கூப்பிட்டார். “அந்தப் பக்கத்த அனுப்புங்க சேர். பக்கத்துக் கட சிங்கள மஹத்தயாக்கு காட்டோணும்.”

பிரதிகூட எடுத்து வைக்கவில்லை என்று சொன்னேன்.

ஏப்ரல் 30

பிரேமிளா அழுதாள். “திரும்ப எழுதுவோம் அண்ணே.” எழுதினோம். ‘இப்போதுதானே எழுதினீர்கள், எவ்வளவு வாங்கினீர்கள்’ என்று கீழே பதில் வந்தது.

மே 6

திகன போனேன். தாங்கி கூரையில் இல்லை. இறக்கி, கடை வாசலில் வீதியைப் பார்த்து வைத்திருக்கிறார். மூடி இல்லை.

“வாறவங்க பாத்துட்டு குடிக்கட்டும்,” என்றார் அஸ்ஃபர்.

உள்ளே கதிரைகள் காலி. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் வீதியின் மறுபக்கம் போய் நடந்தார்கள்.

தேநீர் கொண்டுவந்து நீட்டினார். வாங்குமுன் குனிந்து தாங்கிக்குள் பார்த்தேன். ஏன்? — தண்ணீர்தான். வானம் தெரிந்தது, என் முகமும்.

நிமிர்ந்தபோது அஸ்ஃபர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீங்களுமா சேர்?” என்றார்.