திருடனுக்கு என்ன உடுப்பு

1974 ஆடி, வெள்ளிக்கிழமை. சாந்தன்பாறை.

தூக்கம் வரவில்லை. பள்ளிக்கூடம் போகாதவன், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன்.

வீட்டில் வைத்திருந்த ஏலக்காய் மூட்டை களவு போனதிலிருந்து மகன் சேசையா காவல் நாய் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறான். இன்று தேவிகுளத்திலிருந்து நாய் பழக்கும் பட்டாளத்துக்காரர் ஒருவரை நாயோடு கூட்டி வந்தான். வாங்குவதா வேண்டாமா என்று நான்தான் சொல்ல வேண்டும்.

"பெரியவரே, இந்தப் பக்கத்துத் திருடன் என்ன போட்டுட்டு வருவான்? அப்படி ஒரு துணி குடுங்க. நாய் எப்படிப் பாயுதுன்னு காட்டுறேன்" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் இருந்தபோது மழைக்குப் போர்த்தி வேலைக்குப் போன என் கம்பளியையே எடுத்துக் கொடுத்தேன். அதைக் கட்டையில் மாட்டினார். நாய் பாய்ந்து கிழித்தது. "சபாஷ்" என்று நானே சத்தமாகச் சொன்னேன்.

திரும்பினால் வேலியோரம் லயத்து அருளாயி. மழைக்கு அவளும் கம்பளிதான் போர்த்தியிருந்தாள்.

"ஏன் மாமா, இனி உங்க வீட்டுக்கு நனைஞ்சுக்கிட்டுத்தான் வரணுமோ?" என்று சிரித்தாள்.

என் வீட்டுக்காரி படுக்கையில் கிடந்தபோது கஞ்சி ஊட்டினவள் அவள்.

நாய் வேண்டாமென்று அனுப்பிவிட்டேன். "மூட்டையை எடுத்தவனும் லயத்துக்காரனாத்தானே இருப்பான்?" என்று சேசையா சாப்பிடாமல் படுத்துவிட்டான். இருக்கலாம். ஆனால் நானும் அங்கேதானே பிறந்தேன்.

நாளைக்கு அருளாயியைப் பார்த்து, நாய் வாங்கவில்லை என்று சொல்ல வேண்டும். "நல்லது மாமா" என்பாள். அதைக் கேட்டுக்கொண்டு எப்படி நிற்பேன்?