கம்பவுண்டருக்கு வந்த இரண்டு கடிதங்கள்

அன்புள்ள சிநேகிதருக்கு,

நேற்று உங்கள் சம்சாரம் கொடுத்தனுப்பிய தகரப் பெட்டியைத் திறந்தேன். டிஞ்சர் வாடை முகத்தில் அடித்தது. ஆஸ்பத்திரிப் பஞ்சில் சுற்றிய கல்சங்குகள், கல்லாகிப்போன பழங்கால ஓடுகள். நாம் இருவரும் ஓடைகளில் பொறுக்கியவை. அவற்றுக்கு அடியில் இரண்டு கடிதங்கள். சென்னைப் பட்டணத்து டாக்டர் உங்களுக்கு எழுதியவை. இரண்டும் என்னைப் பற்றியவை.

யுத்த காலத்தில் என் பள்ளிக்கூட வேலை போயிற்று. இன்ஸ்பெக்டர் தப்பாகச் சொன்னதை வகுப்பிலேயே திருத்தினேன். தலைமையாசிரியர் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை. என் புத்தியைச் சோதிக்க அண்ணன் என் சம்மதம் கேளாமல் பட்டணத்து டாக்டரிடம் ரயிலேற்றினார். அதையும் மன்னிக்கவில்லை. அந்த டாக்டர் மூன்று நாள் என்னைக் கேள்வி கேட்டுவிட்டு அண்ணனிடம் சொன்னார்: பைத்தியம் இல்லை, பிறவியிலேயே மனிதர்களைத் தேடாத மனம், இதற்கு இன்னும் சரியான பெயர்கூட இல்லை, மருந்தும் இல்லை. நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மாதம், கல்லங்குறிச்சிப் பாதையில் சுண்ணாம்புக்கல் வெட்டும் குழியருகே நீங்கள் வந்து நின்றீர்கள். டவுன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் என்பதற்கு மேல் உங்களை எனக்குத் தெரியாது.

"சார், இது நத்தைங்களா, சங்குங்களா?"

இரண்டும் இல்லை, இங்கே கடல் இருந்த காலத்துப் பிராணியின் ஓடு என்று தொடங்கி வெயில் சாயும்வரை பேசினேன். நீங்கள் ஒரு கொட்டாவி விடவில்லை. நீங்கள் வந்தது தற்செயல் என்றே நினைத்தேன்.

பிறகு மழை விட்ட மறுநாளெல்லாம் ஓடைக்குப் போனோம். மண் கரைந்து கல் வெளியே தெரிவது அன்றுதான். ஆளுக்கொரு கரை, பேச்சுக் கிடையாது. நான் கண்டெடுத்தது உங்கள் பையில், நீங்கள் கண்டெடுத்தது என் பையில். அது நீங்கள் வைத்த சட்டம். ஒவ்வொரு கல்லுக்கும் நான் தண்ணீரைத் தாண்டி உங்களிடம் வரவேண்டியிருந்தது. அது எதற்கென்று நேற்றுதான் உறைத்தது.

வண்டிக்காரர்களிடமும் சொல்லி வைத்தீர்கள். சந்தையன்று அவர்கள் கல்லும் கையுமாக வந்து நிற்பார்கள். நான் குனிந்தபடியே பதில் சொல்வேன்.

"நீங்க மூஞ்சியப் பாக்காம கல்லையே பாத்துப் பேசுறீங்க. பரவால்ல, அவனுங்களும் கல்லத்தான் பாக்குறானுங்க" என்று சிரித்தீர்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

முதல் கடிதத்தில் டாக்டர் எழுதியிருக்கிறார்: அவருக்குப் பிடித்த பொருளில் உங்களுக்கும் ஆசை இருப்பதுபோல் பழகுங்கள், மாதம் ஒரு முறை எனக்கு எழுதுங்கள். இருப்பதுபோல். அந்த ஒரு சொல்லை விட்டு என்னால் நகர முடியவில்லை. அண்ணன்தான் அதை உங்களிடம் சேர்த்திருக்கிறார். இரண்டாவது கடிதம் ஒரு வருஷம் கழித்து வந்தது: ஒரு பதிலும் இல்லையே, நோயாளி எப்படி இருக்கிறார்?

ஏன் நீங்கள் எழுதவில்லை? என்னை நோயாளியாக நினைப்பதை விட்டுவிட்டீர்களா, அல்லது வெறும் சோம்பலா? கடுதாசி என்றால் உங்களுக்கு எவ்வளவு சோம்பல் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் குழப்புகிறது. உங்கள் சாவு வீட்டில் துக்கம் கேட்கத்தான் வந்தேன். ஜன்னலில் அந்த வளைந்த கல் இருந்தது. மீனின் பல் என்று நான் அடித்துச் சொன்ன கல். பார்த்ததும் தப்பு தெரிந்துவிட்டது. அழுதுகொண்டிருந்த உங்கள் சம்சாரத்திடம், அது பல் இல்லை, புழுவின் கூடு என்றேன். அண்ணன் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். அந்த அம்மா மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"அவரும் ரெண்டு மாசமா அதாங்க சொல்லிட்டிருந்தாரு. ஒங்ககிட்ட எப்புடிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தாரு."

ஆசையில்லாதவர் ஒரு கல்லை இரண்டு மாதம் உருட்டிப் பார்ப்பாரா? சிநேகிதனாக நினைத்திருந்தால் தப்பை முகத்துக்கு நேரே சொல்லியிருக்க மாட்டீர்களா? நோயாளியிடம்தானே அப்படித் தயங்குவார்கள்? இரண்டும் சரியாகப் படுகிறது. இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகிறது.

டாக்டருக்கு நானே பதில் எழுத உட்கார்ந்தேன். கம்பவுண்டர் காலமாகிவிட்டார் என்ற வரியைத் தாண்ட முடியவில்லை. யாரையும் தேடாது என்று அவர் சொன்ன மனம் பதினாறு நாளாக உங்களைத் தேடுகிறது. இதை என்னவென்று எழுதுவது?

நீங்கள் நடித்தீர்களா என்று எனக்குத் தெரியாது. இனிச் சொல்வதற்கும் ஆள் இல்லை. நான் நடிக்கவில்லை. அது ஒன்றுதான் எனக்கு நிச்சயம்.