ஜனவரி மாதத்து மூச்சு

சேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சி
18-11-1979

அன்பு மகன் ஸ்தனிஸ்லாஸுக்கு அம்மா அற்புதம்மாள் எழுதுவது. நானும் அப்பாவும் ஆண்டவர் கிருபையால் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் சுகத்தைப் பற்றி ஆண்டவரிடம் தினமும் கேட்கிறேன், அவருக்குப் பதில் போடும் வழக்கம் இல்லை, இப்போது நீயும் அப்படியே ஆகிவிட்டாய். உன் கையெழுத்தில் கடைசியாக வந்தது ஈஸ்டருக்கு முன்னால். அதற்குப் பிறகு வந்த மூன்று கடிதமும் லண்டனில் உன் இசைத்தட்டுக் கம்பெனி ஆபீசில் டைப் அடித்தவை. நீ சௌக்கியம், வேலை அதிகம், அமெரிக்காவில் நாற்பது ஊர்களில் கச்சேரி, அவ்வளவுதான், அடியில் உன் கையெழுத்து. மூன்று தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒரு சுழி கூட விலகவில்லை, ரப்பர் ஸ்டாம்ப். இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளின் நோட்டுத் திருத்தியவளிடம் இந்த வேலை செல்லாது என்று அந்தக் கம்பெனிக்காரரிடம் சொல்லிவை.

உன் ஈஸ்டர் கடிதத்தில் எங்கள் ஆல்பம் வெளிவரப் போகிறது என்று எழுதியிருந்தாய் அல்லவா. அப்பா பொன்மலை ரயில்வே ஆபீஸ் முழுக்க அதைச் சொல்லிவிட்டார். ஆல்பம் என்றால் அங்கே யாருக்கும் கல்யாண ஆல்பம்தானே தெரியும், என்ன செபஸ்தியான் சார், பையன் சொல்லாம கொள்ளாம முடிச்சிட்டானா என்று கேட்டிருக்கிறார்கள், அவரும் பதறிப்போய் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார். பிறகு ஆல்பம் மூன்று லட்சம் விற்றது என்று டைப் கடிதம் வந்தது. உன் கல்யாணப் படத்தை மூன்று லட்சம் பேர் எதற்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்று அவருக்கு ஒரு வாரம் தூக்கமில்லை. கடைசியில் மைக் செட் வைத்திருக்கும் நம் தெரு ரோசரிதான், ராக் கோஷ்டிகள் பத்துப் பாட்டைச் சேர்த்துப் போடும் பெரிய தட்டுக்குத்தான் அங்கே ஆல்பம் என்று பேர் என விளக்கம் சொன்னான். அன்றைக்குச் சிரித்தோம். ஆனால் அதே ஈஸ்டர் கடிதத்தில், உங்கள் கோஷ்டியில் பாடுகிறவன் மேடையிலேயே மயங்கி விழுந்தான், ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் எழுந்து பாடினான் என்று ஏதோ வீரச்செயலைப் போல எழுதியிருந்தாயே, அதை நான் சிரித்துப் படிக்கவில்லை. அடுத்து விழப்போவது யார் என்ற பயம் அன்றைக்கே எனக்குள் நுழைந்துவிட்டது.

அக்டோபர் கடைசியில் தட்டு வந்து சேர்ந்தது. பார்சலை நான்தான் பிரித்தேன். அட்டை முழுக்கக் கறுப்பு, நடுவில் உன் முகம் மட்டும், அதுவும் கண் மூடி. மற்ற மூன்று பேரையும் பின்பக்கம் போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் ஒரு முகத்தைச் சுற்றிக் கறுப்பு அடித்தால் என்ன அர்த்தம் என்று வெள்ளைக்காரனுக்குத் தெரியாது, உனக்குமா மறந்துபோயிற்று? உள்ளே தூக்கி வைத்துவிடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை, மகன் படமாயிற்றே என்று திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே நிறுத்தி முன்னால் விளக்கையும் ஏற்றிவிட்டு ஆபீஸ் போய்விட்டார். நான் ஸ்கூலில் இருந்தேன். அன்றைக்குப் பார்த்து லால்குடியிலிருந்து உன் இருதயமேரி அத்தை கல்லறைத் திருநாளுக்கு வந்து, பக்கத்து வீட்டில் சாவி வாங்கிக் கதவைத் திறந்திருக்கிறாள்.

உனக்குத் தெரியும், கல்லறைத் திருநாளில் இறந்தவர்கள் பெயரை எழுதிக் கொடுத்தால் சாமியார் கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொன்றாகப் படிப்பார். உன் பெயர் தாத்தாவின் பெயர்தானே, வருஷா வருஷம் சவரிராயன் மகன் ஸ்தனிஸ்லாஸ் என்று ஒரு தடவை படிப்பார்கள், நானும் தாத்தாவை நினைத்துச் சிலுவை போட்டுக்கொள்வேன். இந்த வருஷமும் படித்தார், போட்டுக்கொண்டேன். அடுத்த பெயராக செபஸ்தியான் மகன் ஸ்தனிஸ்லாஸ் என்று படித்தார். கையிலிருந்த மெழுகுவர்த்தி சாய்ந்து விரலில் மெழுகு கொட்டியது கூட எனக்கு உறைக்கவில்லை. அப்பா அப்படியே தாத்தா கல்லறை மேல் உட்கார்ந்துவிட்டார். உனக்கு என்னவோ ஆகிவிட்டது, ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, எங்களிடம் மட்டும் மறைக்கிறார்கள், அந்த டைப் கடிதமெல்லாம் அதற்காகத்தான் என்று எனக்கு ஒரு நொடியில் எல்லாம் பொருந்திவிட்டது. இப்படி ஒரு பொருத்தம் எந்தத் தாய்க்கும் வரக்கூடாது.

அத்தைதான் ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டு, நீங்க வெளிய சொல்ல மனசில்லாம மறைக்கிறீங்கன்னு நினைச்சேன் அண்ணி, கறுப்புல படம் வெச்சு விளக்கும் ஏத்தியிருந்தா நான் வேற என்ன நினைக்கிறது என்று அழுதாள். கேட்டால் நாங்கள் உடைந்துபோவோம் என்று எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், உன் ஆத்துமம் கரையேற வேண்டுமே என்று அவளே பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, உன்மேல் உள்ள பாசத்தில் செய்தது. சாமியார் என் கண் முன்னாலேயே சிவப்பு மையால் உன் பெயரை அடித்தார். அந்த ஒரு கோடு எனக்குப் போதவில்லை, உன் குரலைக் கேட்டால்தான் நெஞ்சு ஆறும் போலிருந்தது. மறுநாள் ரோசரியைக் கூப்பிட்டுத் தட்டைப் போடச் சொன்னேன்.

அவனிடம் இருப்பது கோயில் திருவிழாவுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கர்தானே, பாலக்கரை முழுக்க உங்கள் இரைச்சல் கேட்டது. கோபித்துக்கொள்ளாதே, எனக்கு அது இரைச்சலாகத்தான் இருந்தது, தெருப் பிள்ளைகள் மட்டும் ஆடினார்கள். எந்தப் பாட்டிலும் உன் குரல் இல்லை, நீ கிட்டார் மட்டும்தான் வாசிக்கிறாயாம். கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஒரு சின்ன மௌனம் வந்தது, அதில் நீ ஒண்ணு, ரெண்டு, மூணு என்று தமிழில் எண்ணினாய். நான் அழுதுவிட்டேன். ஆனால் ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில் நீ மூச்சு இழுக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. மூன்று லட்சம் பேர் அதைக் கேட்டிருப்பார்கள், ஒருவருக்காவது அது என்னவென்று தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். ஐந்து வயதிலிருந்து உன்னைத் தோளில் சாய்த்து உட்கார்ந்த ஒவ்வொரு மார்கழியிலும் என் காதோரம் கேட்ட அதே இழுப்பு. அது உன்னை விட்டுப் போய்விட்டது என்றுதானே எழுதினாய்?

தட்டைப் பையில் போட்டுக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துக்கு, சின்ன வயதில் உன் இழுப்புக்கு மருந்து கொடுத்த அழகிரி டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே படம் கொண்டுபோவது போல இதைக் கொண்டு போனால் சிரிப்பாரே என்று தயக்கமாகத்தான் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. மாடியில் தன் மகனுடைய ரேடியோகிராமில் போட்டு, உன் மார்பில் காது வைப்பதைப் போலவே குனிந்து காது வைத்து அந்த இடத்தை மூன்று முறை கேட்டார். இழுப்புதாம்மா, லேசா இருக்கு, ஆனா தட்டுக்கு நான் மருந்து எழுத முடியுமா, இது எப்பப் பதிஞ்சது என்று கேட்டார். அட்டையில் போட்டிருந்ததைப் படித்து ஜனவரி என்றேன். அப்ப இது ஜனவரி மாசத்து மூச்சு, இப்ப எப்படி இருக்கான்னு எனக்கெப்படிம்மா தெரியும் என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பேச்சு ஒன்றுதான் காதில் இருந்தது.

தினமும் ஸ்கூல் விட்டதும் ரோசரி கடைக்குப் போய் அந்த ஒரு இடத்தை மட்டும் போடச் சொல்லிக் கேட்கிறேன். ஊசி பட்டுப் பட்டு அங்கே தேய்ந்து உன் ரெண்டு இப்போது சரியாகக் கேட்கவில்லை, இனிப் போட்டால் மூணும் போய்விடும் டீச்சர் என்கிறான். நீ வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லவில்லை, சொன்னாலும் கேட்கிற வயது தாண்டிவிட்டது. பனியில் கழுத்தைச் சுற்றிக் கம்பளி கட்டிக்கொள். அவர்கள் புகை விடும் அறையில் உட்காராதே. மேடையில் விழுந்தவனுக்குப் போட்ட ஊசியை உனக்கும் போட வந்தால் எழுந்து வெளியே போய்விடு, கச்சேரி நின்றால் நிற்கட்டும். சூசையப்பர் மெடலைக் கழற்றாதே. அப்பா உன் அட்டையை விளக்கு முன்னாலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிட்டார், இன்றைக்கும் அந்தப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஞாபகமாக ஒன்று செய். இது உன் கைக்குக் கிடைத்த அன்றே நான்கு வரி எழுதிப் போடு. டைப் அடிக்காதே, யாரையும் எழுதச் சொல்லாதே. சௌக்கியம் என்று பொய் எழுத வேண்டுமானாலும் எழுதிக்கொள். நாலாம் வகுப்பில் உனக்கு நான்தான் டீச்சர், இழுப்பு வந்த நாளில் உன் வரி நேராகப் போகாமல் வலப்பக்கம் கீழே இறங்கும், உனக்கே அது தெரியாது. கையால் மட்டும் எழுது, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சேசுவும் மாதாவும் உன் நெஞ்சில் கை வைத்துக் காக்கட்டும். அப்பாவின் ஆசீர்வாதம், அத்தை உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.

உன் வரிகளைப் பார்க்கக் காத்திருக்கும் அம்மா,
செ. அற்புதம்மாள்