விட்டு விட்டுத் துடிக்கும் நெஞ்சுக்காக நீ வர வேண்டாம்

பரளச்சி
ஐப்பசி 20

அன்பு மகன் மாரீஸ்வரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் உயிரோடுதான் இருக்கிறோம், உன் அப்பா மட்டும் அதை ஒத்துக்கொள்ள மறுக்கிறார். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் பேசினாலும் ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் சார்ஜாவுக்குத் திரும்புகிற சின்னத்துரையிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நீ வேலையை விட்டுவிட்டு வருவதாகச் சொன்னாயாமே. அதை ஊரெல்லாம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். எம் மொகத்தப் பாக்கணும்னா சீக்கிரம் வந்துருய்யா என்று அவர் சொன்னதை நம்பித்தானே இந்த முடிவு, முதலில் நடந்ததைக் கேள். நெஞ்சு விட்டு விட்டுத் துடிக்கிறது என்று ஆவணியில் ஆரம்பித்தார். திருச்சுழியில் ஈ.சி.ஜி. எடுத்தோம், மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இடுப்பில் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டி ஒரு நாள் முழுக்க அதோடு இருக்கச் சொன்னார்கள். வெடிகுண்டைக் கட்டிவிட்ட மாதிரி நடந்தார். ஸ்கேனும் பார்த்துவிட்டு டாக்டர் பொறுமையாகச் சொன்னார், ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்னாலேயே வந்துவிடுகிறது, அடுத்தது வரக் கொஞ்சம் நேரமாகிறது, அந்த இடைவெளிதான் நின்றுபோன மாதிரித் தெரிகிறது, நிறையப் பேருக்கு உண்டு, உங்கள் இதயம் நன்றாக இருக்கிறது, டீயைக் குறைத்து நன்றாகத் தூங்குங்கள் என்று. அதோடு எழுந்து வந்திருக்கலாம். என்ன சாப்பிடலாம் என்று இவர் கேட்க, பிடிச்சதச் சாப்பிடுங்கய்யா என்று சொல்லித் தொலைத்தது அந்த டாக்டர் பிள்ளை.

நம் பக்கம் அந்த வார்த்தையை யாருக்குச் சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். உன் பெரியப்பா இருளப்பசாமியை இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பியபோது சொன்னதும் அதுதான், அவரிடம் நோயை மறைத்ததும் நாம்தான். அருப்புக்கோட்டை வரும்வரை பஸ்ஸில் உன் அப்பா அந்த வார்த்தையையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். நானும் புத்தியில்லாமல், மனுசன் வாடிப்போய்விட்டாரே என்று அன்றைக்கு நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். வெள்ளிக்கிழமையில் கறியைப் பார்த்ததும் அவருக்கு உறுதியே ஆகிவிட்டது. ஒங்கிட்டயும் சொல்லிட்டாகளா முருகலட்சுமி என்று கேட்டு, அழுதுகொண்டே நாலு துண்டு தின்றார். அன்றிலிருந்து வலது கை விரல் இடது மணிக்கட்டை விட்டு இறங்குவதில்லை. மக்காச்சோளத்தில் களையும் புழுவும் மண்டிக் கிடக்கின்றன, நான் ஒத்தையில் கொத்துகிறேன், உன் அப்பா துரை மாதிரிக் கட்டிலில் உட்கார்ந்து நாடியை எண்ணுகிறார். ஸ்டூடியோவுக்குப் போய்ப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிச் சட்டமும் போட்டுக்கொண்டு வந்தார், அதற்காகத் தலைக்குச் சாயம் வேறு. உன் அத்தை குருவம்மாள் காரியாபட்டியிலிருந்து ஹார்லிக்ஸும் ரொட்டியுமாக வந்து மூன்று நாள் அண்ணே அண்ணே என்று மூக்கைச் சிந்தினாள். அந்த ஹார்லிக்ஸையும் அவளே கலக்கிக் குடித்து முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

உன்னிடம் ஒன்றை ஒளிக்க மாட்டேன். போன வாரம் மத்தியானம் சோளக்காட்டிலிருந்து வந்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். சும்மா நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். ஓடுகிறது, ஓடுகிறது, ஒரு இடத்தில் நின்றது. எனக்கு மூச்சே வரவில்லை. அப்புறம் ஓங்கி ஒரு குத்துக் குத்திவிட்டு மறுபடி ஓடியது. டாக்டர் சொன்ன அதேதான், தெரியும், ஆனாலும் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இந்தப் பயத்தை வைத்துக்கொண்டுதான் பொழுதெல்லாம் உட்கார்ந்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. பாவமாக இருந்தது. அவர் எழுந்ததும் நன்றாகத் திட்டினேன். திட்டும்போது மட்டும்தான் விரலை மணிக்கட்டிலிருந்து எடுக்கிறார். ஒனக்குக் களை வெட்டத் தெரியுமாடி என்று எகிறிக்கொண்டு வருகிறார், அந்த நேரம் நெஞ்சு நினைப்பே இல்லை. சாகப் போகிற ஆளோடு யாரும் சண்டை போடுவதில்லை, அது அவருக்கும் தெரியும். லீவு இல்லாத மாதத்தில் நீ பெட்டியோடு வாசலில் வந்து நின்றால், நாங்கள் நோயை மறைத்தது உண்மை என்று முடிவு கட்டிவிடுவார், பிறகு எந்த டாக்டர் சொன்னாலும் அவரை எழுப்ப முடியாது. அதனால் வராதே. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்திருந்தால் நாளைக்கே போய்த் திரும்ப வாங்கிக்கொள்.

குலசாமி உனக்குத் துணை நிற்கட்டும், ஒரு குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் போட்டு, புழுவுக்கு மருந்து அடிக்காமல் என்னத்தைக் கிழிக்கிறீர்கள் என்று உன் அப்பாவோடு பலமாகச் சண்டை போடு. குரல் மட்டும் உடையாமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
முருகலட்சுமி