ஐந்து கழிப்பறைகளுக்கு ஒரு நன்றியுரை

ஜூலை 3, திங்கள்

வெயில் இல்லை, ஆனால் புழுக்கம். கணக்கு டெஸ்ட் சுமார்.

ஸ்கூலில் பெண்களுக்கு ஐந்து கழிப்பறை! சுவர் எழும்பிவிட்டது, கழிப்பறைப் பீங்கான் பதிப்பதுதான் பாக்கி. கட்டித்தருவது அப்பா வேலை செய்யும் பீங்கான் கம்பெனி. பள்ளிக்கு உதவும் கம்பெனிக்குத் தொழிற்பேட்டை இடத்தின் குத்தகையை முதலில் புதுப்பித்துத் தருவார்களாம், கலெக்டர் ஆபீசில். நல்ல யோசனை. எல்லோருக்கும் லாபம். திறப்பு விழாவில் நன்றியுரை நான்தான்.

என் தோழி சாஹிதா மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். சாயங்காலம் வரை தண்ணீரே குடிப்பதில்லை. "தொறக்கட்டும்டி, மொத நாளே ஒரு கொடம் குடிக்கிறேன்."

ஜூலை 5, புதன்

ஐந்து பீங்கான்களும் வந்து வராந்தாவில், வைக்கோலோடு. எங்கள் தெருவில் எல்லாம் பீங்கான் வேலைக்காரர்கள், ஒரு கோப்பையைக்கூட யாரும் தட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் தட்டினேன். மூன்று கிணீர். இரண்டு பொத். உள்ளே கீறல். அந்த இரண்டின் அடியிலும் நீலச் சாக்பீஸ் குறி. அப்பா போடுவது. தட்டிப் பார்த்துக் கழிப்பதுதான் அங்கே அவர் வேலை.

வீட்டில் சொன்னேன். அப்பா பாதிச் சோற்றில் கையை எடுத்துவிட்டார். "நான் ஓரங்கட்டுனதையா ஸ்கூலுக்கு ஏத்துனானுங்க?"

அம்மா: "நீ கம்முனு வாசிச்சிட்டு வா. அப்பா வேலைக்கு ஒல வச்சிடாத."

ஜூலை 6, வியாழன்

சுலோச்சனா டீச்சரிடம் சொன்னேன். "கம்பெனிக்காரன் கோவிச்சிக்கினு அஞ்சையும் தூக்கிக்கினு போயிட்டா என்னடி பண்ணுவ?" அதுவும் சரிதான். கலெக்டர் ஆபீஸ் படிவத்தைக் காட்டினார். எத்தனை கழிப்பறை என்று ஒரு கட்டம். எப்படி இருக்கின்றன என்பதற்குக் கட்டமே இல்லை. கேட்காததைக் கம்பெனி ஏன் தரும்?

சாஹிதாவிடமும் சொன்னேன். "ஒடைஞ்சி உள்ள வுழுந்தா நன்றியுரைய அங்கேர்ந்தே வாசி." சிரித்தோம். பிறகு பயம்.

ஜூலை 14, வெள்ளி

விழா. கைதட்டக் கம்பெனி வேனில் ஆட்கள். கடைசி வரிசையில் அப்பா, கம்பெனிச் சட்டையில். எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்தேன். இறங்கப் போனவளைக் கலெக்டர் ஆபீஸ் அதிகாரி அம்மா நிறுத்தினார். "அஞ்சும் நல்லா இருக்குதாம்மா?"

"மூணு நல்லா இருக்குதுங்க. ரெண்டுல கீறல்."

கம்பெனி மேனேஜர் சிரித்தார். "சின்னப் பொண்ணு. யாரும்மா ஒனக்குச் சொன்னது?"

நானேதான் என்று சொல்வதற்குள் அப்பா எழுந்து நின்றுவிட்டார். "நான்தாங்க. அத ரெண்டையும் கழிச்சிப் போட்டதே நான்தாங்க."

யாரும் கைதட்டவில்லை. இரண்டையும் மாற்றிய பிறகுதான் குத்தகைக் காகிதம் நகரும் என்றார் அதிகாரி. மேனேஜர் "ஆகட்டுங்கம்மா" என்றார். வேனில் ஏறும்போது அப்பாவிடம், "நாளைக்கு ஆபீஸ் ரூமுக்கு வா."

ஜூலை 15, சனி

தூறல். அப்பா கிளம்பினார். அம்மா சாப்பாட்டுத் தூக்கை நீட்டினாள். வாங்கவில்லை.

"மத்தியானத்துக்குள்ள வூட்டுக்கு வந்துடுவேன்."